கொறங்காட்டுக் கறி: புல் மேய்ந்த ஆட்டைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் கொறங்காடு, அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் நிலம், இருக்கிறது. மேச்சேரிச் செம்மறிகளும் சில வெள்ளாடுகளும் அதில் மேய்கின்றன. திருப்பூர், ஈரோடு, கோவையிலிருந்து கறிக்குக் கிடாய் பார்க்க வருகிறவர்கள் பட்டியோரம் நின்று கேட்கும் கேள்விகளைப் பல வருடமாகக் கேட்டுவிட்டேன். அவற்றைப் பெரும்பாலும் அவர்கள் பேச்சிலேயே இங்கே எழுதி, தெரிந்த வரையில் பதில் சொல்லியிருக்கிறேன். கறி விற்கிறவன் சொல்வதாயிற்றே என்று யோசிக்க வேண்டாம். புல் மேய்ந்த கறி எதற்கு உதவாது என்பதையும் எழுதியிருக்கிறேன்.

முழுக்கப் புல்லுல வளந்ததுன்னா புல்லு மட்டுந்தானுங்களா? தழை, தட்டெல்லாம் சேராதுங்களா?

சேரும். பால்குடி மறந்த நாளிலிருந்து அறுக்கிற நாள் வரை தானியம், புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை, கம்பெனித் தீவனம் எதுவும் வாயில் படாமல் வளர்ந்த ஆடுதான் கணக்கு. புல், மரத்தழை, கொடி, வேலங்காய், அறுத்துக் காயவைத்த சோளத்தட்டு, கடலைக்கொடி எல்லாம் நார்த்தீவனம், அதனால் கேடில்லை. கதிர் அறுத்த தட்டு நார், கதிரோடு போட்டால் அது தானியம். தாது உப்புக்கட்டி நக்கவிடுவதையும் யாரும் குறை சொல்வதில்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எட்டு மாதம் மேய்ச்சலில் விட்டுவிட்டு, விற்பதற்கு முந்தைய இரண்டு மாதம் கட்டிவைத்து மக்காச்சோளம் போட்டு எடை ஏற்றுவது இன்று பல இடங்களில் வழக்கம். அந்த ஆட்டையும் 'மேய்ந்த ஆடு' என்று சொல்லி விற்கலாம், பொய்யில்லை. ஆனால் கறியில் இருக்கும் கொழுப்பின் குணம் கடைசி வாரங்களில் தின்றதைப் பொறுத்து மாறிவிடும். அதனால்தான் 'முழுக்க' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறோம்.

நம்மூரு ஆடெல்லாம் புல்லுதானுங்களே திங்குது? இதுல என்னங்க புதுசு?

என் அப்பா காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. எல்லா ஆடும் மேய்ந்ததுதான். பிறகு பல்லடத்தில் கறிக்கோழிப் பண்ணைகளும் நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணைகளும் பெருகின. கோழித் தீவனத்துக்காக மக்காச்சோளம் ஊர் ஊராக வந்தது, தீவன ஆலைகள் வந்தன, மூட்டைத் தீவனம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. மேய்க்க ஆள் கிடைப்பதும் அரிதாயிற்று. அப்புறம்தான் ஆட்டைத் தரைக்கு மேலே பலகை அடித்த பரணில் ஏற்றி, வெட்டிய தீவனமும் தானியம், புண்ணாக்கு கலந்த அடர்தீவனமும் போட்டு வளர்க்கிற முறை பரவியது. ஆகவே இன்று நம்மூர்ச் சந்தைக்கு இரண்டு விதமான ஆடும் வருகின்றன. கன்னிவாடிச் சந்தையிலோ குண்டடம் சந்தையிலோ பார்வையை வைத்து மட்டும் பிரித்துச் சொல்வது பழகிய வியாபாரிக்கே சில நேரம் சிரமம்.

கொறங்காடு கொறங்காடுங்கறீங்களே, அது என்னங்க?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவன் நான்.

எங்கள் ஊர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கின்றன. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று சுழற்றி அடிக்கும், மழை மட்டும் வராது. வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் பெய்தால் நல்ல வருடம். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும். மண்ணோ சரளையும் சுக்காங்கல்லும் கலந்தது. இப்படிப்பட்ட நிலத்தில் வருடாவருடம் உழுது விதைத்து ஏமாறுவதைவிடப் புல்லுக்கு விட்டுவிடுவதே மேல் என்று நம் முன்னோர் கண்டுகொண்டார்கள். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர், இன்னும் கிழக்கே கரூர் மாவட்டம் வரை இப்படி விட்ட மேய்ச்சல் நிலம்தான் கொறங்காடு.

அது சும்மா விட்ட தரிசு அல்ல. முதல் மழைக்கு உழுது, கம்போ சோளமோ விதைக்கும்போதே கொழுக்கட்டைப் புல் விதையையும் தூவிவிடுவார்கள். கதிரை அறுத்த பிறகு புல் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். கூடவே நரிப்பயறு போன்ற கொடிகள் தாமே வரும். அவை பயறு வகை என்பதால் மண்ணுக்குத் தழைச்சத்து சேரும். ஓரத்தில் முள்கிளுவைப் போத்துகளை நட்டு உயிர்வேலி வைப்பார்கள். அது வேர்விட்டுப் பின்னிக்கொண்டால் தலைமுறைக்கும் நிற்கும். ஆடு வெளியே போகாது. கடவில் படலைச் சாத்திவிட்டு ஆட்டுக்காரர் வேறு வேலை பார்க்கலாம்.

நடுவே வெள்வேல மரங்கள். ஆடு வேலங்காயைத் தின்று விதையைப் புழுக்கையோடு போட, அதிலிருந்து கன்று முளைக்கிறது. வெயிலில் ஆட்டுக்கு நிழல், கோடையில் காய், வீட்டுக்கு விறகு எல்லாம் அந்த ஒரு மரம் தருகிறது. நிலத்தை நாலைந்து துண்டாகப் பிரித்து, ஒன்றில் மேய்த்து முடிந்ததும் அடுத்ததற்கு மாற்றுவோம். மேய்ந்த துண்டில் புல் தழைக்க அவகாசம் கிடைக்கும். வெளிநாட்டில் சுழற்சி மேய்ச்சல் என்று பயிற்சி வகுப்பு வைத்துச் சொல்லித்தருகிற முறை இதுதான். போர்த்தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம். பல்லடம், அவிநாசிப் பக்கம் ஆயிரம் அடிக்கும் கீழே குழாய் இறக்குகிற நாட்டில், மழையை மட்டும் நம்பி உணவு தருகிற நிலம் எத்தனை பெரியது என்று யோசித்துப் பாருங்கள். காங்கேயம் மாடு இந்தப் புல்லில் உருவான இனம்தான்.

இப்போது சூரிய மின்தகடு பதிக்கவும் வீட்டுமனை போடவும் கொறங்காடுகள் விலைக்குப் போகின்றன. கிளுவை வேலி போய்க் கம்பிவேலி வருகிறது. மிச்சமிருக்கும் இடத்தில் சீமைக்கருவேலம் நுழைகிறது. கொறங்காட்டுக் கறிக்கு நியாயமான விலை கிடைத்தால்தான் அந்த நிலத்தை விற்காமல் வைத்திருக்க ஒருவருக்கு மனம் வரும். புல் மேய்ந்த கறியின் பயன்களில் இதையே நான் முதலாவதாகச் சொல்வேன்.

சத்துல நெசமாவே வித்தியாசம் இருக்குதுங்களா?

இருக்கிறது. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இல்லாததை முதலில் சொல்கிறேன். புரதம், இரும்பு, துத்தநாகம், வைட்டமின் பி12 ஆகியவற்றில் பெரிய மாற்றம் கிடையாது. நூறு கிராம் கொழுப்பில்லாத பச்சைக்கறியில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கும், ஆடு புல் தின்றாலும் சோளம் தின்றாலும் அவ்வளவுதான்.

மாறுவது கொழுப்பு. முதலில் அளவு: மேய்ந்த ஆடு நடந்துகொண்டே இருப்பதால் கறியில் கொழுப்பு குறைவு. அடுத்தது குணம். பச்சைப் புல்லின் இலையில் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா 3 கொழுப்பு இருக்கிறது. மக்காச்சோளத்தில் மேலோங்கி இருப்பது ஒமேகா 6 வகை. தின்பதில் பெரும்பகுதியை ஆட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் மாற்றிவிட்டாலும், தப்பிப் போகிற பங்கு கறியில் சேர்கிறது. மாட்டிறைச்சியில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தானியம் தின்றதில் ஒமேகா 6க்கும் ஒமேகா 3க்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 7 அல்லது 8க்கு 1 என்றும், புல் தின்றதில் 1.5 அல்லது 2க்கு 1 என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். சி.எல்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இன்னொரு கொழுப்பமிலம், அசைபோடும் விலங்குகளின் வயிற்று நுண்ணுயிர்களின் வேலையால் உண்டாவது. அதுவும் புல் தின்றதில் இரண்டு மடங்கு வரை கூடுதலாகக் காணப்படுகிறது. பச்சைப் புல்லில் வைட்டமின் இ அதிகம். அது தசையில் சேர்வதால் கறியின் நிறம் சீக்கிரம் கருக்காது, கொழுப்பும் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து போன்ற நாடுகளில், வேறு புல்லில், பெரும்பாலும் மாட்டில் செய்தவை. திசை நமக்கும் பொருந்தும், எண்ணை அப்படியே கொழுக்கட்டைப் புல்லின் மேல் ஒட்டிவைக்கக் கூடாது. முக்கியமாக, புல் வெயிலில் காய்ந்தால் அதிலுள்ள ஒமேகா 3யும் வைட்டமின் இயும் குறைந்துபோகும். கார்த்திகையில் பச்சைப் புல் மேய்ந்து தையில் அறுத்த கிடாயும், பங்குனி சித்திரையில் காய்ந்த தட்டைத் தின்ற கிடாயும் ஒன்றல்ல.

அப்ப ஒமேகா மூணுக்காக வாரம் ரெண்டு தடவை திங்கலாமுங்களா?

அதற்காகத் தின்ன வேண்டாம். விகிதம் நல்லது என்றாலும் அளவு சிறியது. கறியில் கொழுப்பே குறைவு, அதில் ஒமேகா 3 மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கும். நூறு கிராம் மத்தி மீனில் ஏறத்தாழ ஒரு கிராம் அளவுக்குக் கிடைப்பதோடு இது போட்டி போட முடியாது.

வீட்டில் நடக்கிற ஒரு கணக்கையும் பாருங்கள். கடலை எண்ணெய் ஒரு பெரிய கரண்டி, அதாவது 15 மில்லி ஊற்றினால் அதிலேயே நாலு கிராமுக்குப் பக்கமாக ஒமேகா 6 வந்துவிடும். சூரியகாந்தி எண்ணெய் என்றால் அதைப்போல இரு மடங்கு. கறியில் மேய்ச்சல் தந்த விகிதத்தை வறுவல் சட்டி ஒரே நிமிடத்தில் மாற்றிவிடும். எண்ணெயைக் குறைத்து, கறியின் சொந்தக் கொழுப்பிலேயே வதக்கினால் அந்தப் பயனில் ஏதாவது மிஞ்சும்.

இருதயத்துக்கு நல்லதுன்னு வாட்ஸ்அப்புல வருதுங்களே?

நோயைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. புல் மேய்ந்த ஆட்டின் கொழுப்பிலும் நிறைவுற்ற கொழுப்பு கணிசமாக உண்டு. மொத்தக் கொழுப்பு குறைவாக இருப்பதுதான் அதன் உண்மையான அனுகூலம். 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், ஆடு, மாடு போன்றவற்றின் சிவப்பிறைச்சியைப் 'புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பட்டியலில் வைத்தது. புல் தின்றது, தானியம் தின்றது என்று அது பிரிக்கவில்லை. வாரத்துக்குச் சமைத்த கறி 350 முதல் 500 கிராமைத் தாண்ட வேண்டாம் என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் பரிந்துரை.

நம் வீடுகளில் முன்பு கறி என்பது நோம்பிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் உரியதாக இருந்தது. அரைக்கிலோ எடுத்துத் தண்ணியாகக் குழம்பு வைத்து ஆறு பேர் சாப்பிட்டார்கள். அந்த அளவு போதும். நெஞ்சுவலி, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்கள் எவ்வளவு தின்னலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், ஆடு வளர்க்கிறவனிடம் கேட்க வேண்டாம்.

கொழுப்பு மஞ்சளா இருந்தாத்தான் புல்லு தின்ன ஆடுன்னு ஒருத்தர் சொன்னாருங்க.

மாட்டுக்கு அது பொருந்தும். புல்லிலுள்ள கரோட்டின் மாட்டின் கொழுப்பில் தங்கி மஞ்சளாக்கும். ஆடு அதை உடலிலேயே மாற்றிவிடும், அதனால் செம்மறி, வெள்ளாடு இரண்டின் கொழுப்பும் வெள்ளையாகத்தான் இருக்கும். எருமைக்கும் அப்படியே.

ஆட்டுக்கு இதனால என்னங்க நன்மை? அதுக்கு எதுவா இருந்தா என்ன?

ஆட்டின் வயிறு நான்கு அறை. கடையில் போட்டி என்று வாங்குகிறோமே, அதில் துண்டு மாதிரி சொரசொரவென்று இருக்கும் பெரிய பை முதல் அறை. தேனடை மாதிரி இருப்பது இரண்டாவது. அந்தப் பெரிய பைக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருந்து, மனிதனால் செரிக்க முடியாத நாரை உடைத்துக் கொடுக்கின்றன. ஆடு அசைபோடும்போது ஊறுகிற எச்சில் உள்ளே இறங்கிப் புளிப்பை ஆற்றிக்கொண்டே இருக்கும். நார் தின்கிற வரைக்கும் இந்த ஏற்பாடு குலையாது. மாவுச்சத்து மிகுந்த தானியத்தைத் திடீரென்று நிறையப் போட்டால் நுண்ணுயிர்கள் அதை வேகமாகப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்கிவிடும். அப்போது வயிறே தயிர்ப்பானையாகிவிடும்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன் பட்டியில் பார்த்தேன். ஒன்பது வருடத்துக்கு முன், பண்டிகைக்கு எடை கூட்டலாம் என்று ஒரு தீவன வியாபாரி சொன்னதை நம்பி இருபது கிடாய்களுக்கு மக்காச்சோளம் வைத்தேன். பழக்கிக் கொடுக்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் சில ஆடுகள் பல்லை நறநறவென்று கடித்தன. வயிற்றைத் தொட்டால் தண்ணீர்க் குடம் மாதிரி தளும்பியது. புளித்த வாடையோடு கழிந்தன. கால்நடை மருத்துவர் வந்து சோடா உப்புக் கரைசல் கொடுத்துப் பலவற்றைக் காப்பாற்றினார். நான்கு செத்துப்போயின. அந்த நான்கையும் நானே குழி வெட்டிப் புதைத்தேன். அதற்குப் பிறகு என் பட்டிக்குள் தானிய மூட்டை வரவில்லை.

புல்லிலும் ஆபத்து உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். கோடை முடிந்து முதல் மழைக்கு இளம்புல் கிளம்பும்போது துள்ளுமாரி என்ற குடல்நோய் வரும். நேற்று ஓடியாடிய கொழுத்த குட்டி காலையில் கிடக்கும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடுவதுதான் வழி. வாடிய இளஞ்சோளப் பயிரில் ஆடு வாய் வைத்தால் அதிலுள்ள நஞ்சு அரைமணி நேரத்தில் ஆளைச் சாய்ப்பதுபோல் சாய்த்துவிடும். பக்கத்துக் காட்டில் சோளம் விதைத்திருந்தால் வேலியில் ஒரு கண் வைத்துக்கொண்டே இருப்போம்.

அப்ப ஊசி, மருந்தெல்லாம் போடுவீங்களா? இயற்கைன்னு சொன்னீங்களே?

போடுவோம். துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி போடாமல் மந்தை வைத்திருப்பது ஆட்டுக்குச் செய்யும் துரோகம். மேய்கிற ஆட்டுக்குப் பரண் ஆட்டைவிடக் குடற்புழுத் தொல்லை அதிகம், காரணம் புழுவின் முட்டை புழுக்கை வழியாகப் புல்லில் விழுந்து, பொரிந்து, திரும்ப வயிற்றுக்குள்ளேயே போகிறது. துண்டு மாற்றி மேய்ப்பதால் குறையும், முழுதாகப் போகாது. தாடையின் கீழே நீர் கோத்து, கண்ணின் உட்புறம் வெளுத்திருந்தால் மருந்து கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்த பிறகு எத்தனை நாள் கறிக்கு அறுக்கக் கூடாது என்று மருந்துப் பெட்டியிலேயே போட்டிருக்கும். அந்த நாள் தாண்டாமல் நாங்கள் விற்பதில்லை. நீங்கள் எங்கே வாங்கினாலும் "கடைசியா எப்பங்க மருந்து குடுத்தீங்க?" என்று கேளுங்கள். எழுதி வைத்திருக்கிறவர் நோட்டை எடுத்துக் காட்டுவார்.

செம்மறியா, வெள்ளாடா? எது மேய்ச்சலுக்கு நல்லது?

செம்மறி தலையைக் குனிந்து புல் மேயும். வெள்ளாடு தலையைத் தூக்கித் தழை தேடும். கொறங்காட்டுக்குச் செம்மறியே பொருத்தம். சேலம், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கத்து மேச்சேரி ஆடு கம்பளி மயிர் இல்லாமல், வெளிர் பழுப்பாக, வெயிலைத் தாங்கி நிற்கும். தோலுக்கும் பெயர் பெற்றது. இந்த இனத்துக்கென்றே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சேலம் மாவட்டம் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது. கறிக்கு வெள்ளாட்டைத்தான் கேட்பேன் என்கிற வீடுகள் நம் பக்கம் அதிகம். வெள்ளாட்டுக் கறியில் கொழுப்பு இன்னும் குறைவு, அது தின்னும் மரத்தழையிலும் புல்லைப் போலவே நல்ல கொழுப்பமிலம் உண்டு. என் வீட்டுக் குழம்புக்கு நான் எடுப்பது பத்து மாதச் செம்மறிக் கிடாய். அதன் வாசம் எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான் காரணம்.

போன தடவை வாங்குன கறி வேகவே இல்லைங்க. ரப்பர் மாதிரி இருந்துச்சு.

இந்தக் குறை நியாயமானது. நடந்து வளர்ந்த தசை இறுக்கமாகத்தான் இருக்கும், உள்ளே இழையோடும் கொழுப்பும் குறைவு. சமைப்பதை மாற்றினால் சரியாகும்.

நம் பழக்கம், விடியற்காலையில் அறுத்து ஏழு மணிக்கு அடுப்பில் ஏற்றுவது. அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கும். விறைப்பு ஏறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் சமைத்தால் எந்தக் கறியும் கடிபடாது. முடிந்தால் முந்தைய நாளே வாங்கி, மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வையுங்கள். தசையிலுள்ள நொதிகளே அதை இளக்கிவிடும்.

அடுத்தது தீ. எங்கள் அம்மா செய்வது இப்படி: சின்ன வெங்காயத்தை நிறைய உரித்துப் போட்டு, மஞ்சளோடு கறியைக் கொட்டி, அது விடுகிற தண்ணீரிலேயே சுண்ட விடுவார். பிறகு கொத்தமல்லி விதை, வரமிளகாய், சீரகம், கொஞ்சம் கல்பாசி வறுத்து அரைத்த மசால். தண்ணீர் ஊற்றி மூடி, சிறுதீயில் ஒன்றரை மணி நேரம். உப்பைக் கறி பாதி வெந்த பிறகுதான் போடுவார். கடைசியில் தேங்காய் அரைத்து ஊற்றி ஒரு கொதி. குக்கர்தான் என்றால் முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து இருபது இருபத்தைந்து நிமிடம் விடுங்கள். விசிலை எண்ணிக்கொண்டு பெரிய தீயில் வைத்தால் சாறு வற்றி நார்தான் மிஞ்சும். தொடை, முன்சப்பை, கழுத்து, எலும்பு இவற்றுக்கு இந்த முறை. ஈரல் மட்டும் நேர்மாறு, சூடான கல்லில் நாலைந்து நிமிடத்துக்கு மேல் வைத்தால் கட்டிபோல் ஆகிவிடும்.

ருசியைப் பற்றி ஒன்று. மேய்ந்த கறியின் வாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். தட்டில் சாதமும் குழம்பும் மட்டும் இருக்கிற நாளில், மழைக்காலப் புல் தின்ற கிடாய்க் குழம்பின் வாசம் தெருவரை போகும். அதை எந்த மசாலாவாலும் கொண்டுவர முடியாது.

கொழந்தைக்கு, மாசமா இருக்கறவங்களுக்குக் குடுக்கலாமுங்களா?

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு நன்றாக வேகவைத்து மசித்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். கறியிலுள்ள இரும்பைக் கீரை, பருப்பிலுள்ள இரும்பைவிட உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். இரத்தசோகை இருக்கிற பெண்களுக்கு அது பெரிய உதவி. மேய்ந்ததா, கட்டி வளர்த்ததா என்பது இங்கே முக்கியமில்லை. கர்ப்பிணிகள் அரைவேக்காட்டுக் கறியையும், அடிக்கடி ஈரல் தின்பதையும் தவிர்க்க வேண்டும். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

பரண்ல வளத்த ஆடு கெட்டதுங்களா?

இல்லை. பரண் வைத்திருப்பவர்களில் என் உறவுக்காரர்களும் இருக்கிறார்கள். சொந்தமாகக் காடு இல்லாதவர் ஆடு வளர்க்க வேறு வழியில்லை. கோ 4 புல், வேலிமசால், அகத்தி, மல்பெரி என்று பசுந்தீவனத்தையே வெட்டிப்போட்டு வளர்த்தால் அந்த ஆட்டின் கறியும் புல் தின்ற கறிதான், வெளியே நடக்கவில்லை என்பதுதான் வேறுபாடு. அடர்தீவனம் எவ்வளவு என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தெருநாய் மந்தைக்குள் புகுந்து ஒரே இரவில் பல ஆடுகளைக் குதறிப்போடுவது காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் இப்போது பெருந்துயரமாகிவிட்டது. அதைப் பார்த்துப் பயந்து பரணுக்கு மாறியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நாட்டுக்கோழியும் புல்லுலயே வளருமுங்களா?

வளராது. கோழிக்கு அசைபோடும் வயிறு இல்லை. பூச்சி, புழு, இளந்தழையோடு தானியமும் வேண்டும். 'புல்லில் மட்டுமே வளர்ந்த கோழி' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

வெல ஏனுங்க இத்தனை கூட?

அடர்தீவனம் தின்ற குட்டி ஐந்தாறு மாதத்தில் வருகிற எடைக்கு எங்கள் குட்டி பத்து, பன்னிரண்டு மாதம் எடுத்துக்கொள்கிறது. நன்றாக வளர்ந்த மேச்சேரிக் கிடாயே 35 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். அறுத்தால் அதில் ஏறத்தாழ பாதிதான் கறியும் எலும்புமாகக் கைக்கு வரும். கூடுதல் மாதங்களுக்கான நோய் ஆபத்து, நாய் ஆபத்து, வேலி பராமரிப்பு எல்லாம் அந்த ஒரே உடம்பின் மேல்தான் ஏறுகிறது. மழை பொய்த்த வருடம் சோளத்தட்டை விலை கொடுத்து வாங்க வேண்டும். தலைக்கறி, கால், குடல், இரத்தம் என்று முழு ஆட்டையும் இரண்டு மூன்று வீட்டார் பங்கு போட்டு எடுத்துக்கொண்டால் கிலோக் கணக்கில் கட்டுப்படியாகும். எங்களிடம் வருகிற பாதிப்பேர் அப்படித்தான் சேர்ந்து வாங்குகிறார்கள்.

ஆடு மாடு ஏப்பம் விட்டுத்தான் பூமி சூடாவுதுன்னு பையன் சொல்றானுங்க. நெசமுங்களா?

பையன் சொல்வதில் உண்மை இருக்கிறது. அசைபோடும் விலங்கின் வயிற்றில் மீத்தேன் உண்டாகிறது, அது பூமியைச் சூடாக்கும் வாயு. அதிலும் புல் மட்டும் தின்கிற ஆடு மெதுவாக வளர்வதால், ஒரு கிலோ கறிக்கு அது விடுகிற மீத்தேன் தானியம் தின்ற ஆட்டைவிடக் கூடுதல். இதை மறைத்துவிட்டு 'பூமிக்கு நல்லது' என்று விற்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புல்வேரும் புழுக்கையும் மண்ணில் கரிமத்தைச் சேர்க்கும், ஆனால் மண் ஒரு அளவுக்கு மேல் ஏற்காது.

மறுபக்கத்தையும் பையனிடம் சொல்லுங்கள். கொறங்காட்டில் மனிதன் தின்னும் தானியம் வருடாவருடம் நம்பி விளையாது. அங்கே ஆடு தின்பதை நாம் தின்ன முடியாது. மக்காச்சோளம் விளைவித்து ஆட்டுக்குப் போட, நீரும் உரமும் டீசலும் நல்ல நிலமும் வேண்டும். கொறங்காடு இருக்கும் வரை வெள்வேலும் கிளுவையும் அவற்றில் கூடு கட்டுகிற குருவிகளும் இருக்கும், மழைநீர் மண்ணுக்குள் இறங்கும். கறியைக் குறைவாகத் தின்று, தின்கிற கொஞ்சத்தை இப்படிப்பட்ட நிலத்திலிருந்து எடுத்தால் இரண்டு நியாயத்துக்கும் இடம் கொடுத்ததாகும்.

நாங்க டவுனுல இருக்கறமுங்க. எதை வெச்சுக் கண்டுபுடிக்கிறது?

கறியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, வளர்த்தவரைப் பார்த்துத்தான் முடியும். ஒரு தரம் நேரில் போங்கள். ஆடு எந்தக் காட்டில் மேய்கிறது, கோடையில் என்ன போடுகிறீர்கள், விற்பதற்கு முந்தைய இரண்டு மாதம் என்ன தின்றது என்று கேளுங்கள். கோடைத் தீவனத்தைப் பற்றிய பதில்தான் முக்கியம். "எங்க காட்டுல வருசம் பூராப் பச்சைதாங்க" என்று மானாவாரி நிலத்துக்காரர் சொன்னால் அங்கே எதையோ மறைக்கிறார். தட்டுப்போர் எங்கே என்று பாருங்கள். தீவனத் தொட்டியில் மாவு ஒட்டியிருக்கிறதா, உமியும் தவிடும் சிந்திக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். புழுக்கை உருண்டையாக, காய்ந்து, உடைத்தால் நார்நாராக இருந்தால் வயிறு நாரில் ஓடுகிறது என்று பொருள்.

ஆடு பல் பார்த்து வாங்குவது தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் கூட்டிப் போங்கள். பால்பல் விழாத கிடாய் ஒரு வயதுக்குள் இருக்கும், கறி இளசு. முன்னால் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் வயது ஒன்றைத் தாண்டியிருக்கும், இன்னும் அரைமணி நேரம் கூடுதலாக வேகவைக்க வேண்டும்.

எந்த மாசம் வாங்கறதுங்க நல்லது?

மார்கழியிலிருந்து மாசி வரை. ஐப்பசி மழையில் எழுந்த புல்லைத் தின்று ஆடு தேறியிருக்கும். சித்திரையில் கோடைமழை இரண்டு உழவு பெய்தால் வைகாசிக் கடைசியில் இன்னொரு நல்ல பருவம் கிடைக்கும். பெய்யாவிட்டால் கிடையாது. ஆடிக் காற்றில் ஆடு இளைத்திருக்கும். ஆடிநோம்பிக்குக் கிடாய் கேட்டு வருகிறவர்களிடம் நான் எடையைக் காட்டிவிட்டு, விருப்பமிருந்தால் எடுங்கள் என்பேன். பல பேர் தைக்கு வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகிறார்கள், அந்தக் கிடாய்க்குக் காதில் ஒரு நூல் கட்டி வைத்துவிடுவோம்.